மணாலியில் முதல் பனி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வைப்பது

ஜனவரியில் மணாலிக்குப் போகும் நம் ஊர்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகின்றன. டெல்லியிலிருந்து இரவு முழுக்க பஸ். காலையில் இறங்கி ஒரு டீ. உடனே ஜீப் பிடித்து அடல் சுரங்கம் தாண்டி, இன்னும் உயரத்தில் இருக்கும் சிஸ்ஸு. மதியத்துக்குள் ஜீன்ஸ் நனைந்து, தலை வலித்து, குழந்தை அழ ஆரம்பித்திருக்கும். வழியில் சோலாங் பள்ளத்தாக்கில் யாரோ கையைப் பிடித்து இழுத்துப்போக, காலில் நீளப் பலகை மாட்டிச் சறுக்கும் "ஸ்கீ"யைப் பத்து நிமிடம் ஓட்டி போட்டோ எடுத்தாகிவிடும். அடுத்த நாள் முழுக்க அறையில் போர்வைக்குள்.

இதில் எந்தக் காரியமும் தவறில்லை, வரிசைதான் தலைகீழ். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளப் பழகுவது முதலில். அப்புறம் பனியில் நடப்பது, சறுக்குவது, ஸ்கீ. உயரமான இடம் கடைசி. இந்த வரிசைக்கு மணாலியில் குறைந்தது நான்கு இரவு வேண்டும். மூன்று இரவுதான் என்றால் சிஸ்ஸுவை விட்டுவிடுங்கள், ஸ்கீயை விடாதீர்கள்.

1. தேதி: கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிருங்கள்

மணாலி ஊர் சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள்ளேயே பனி கொட்டுவது குளிர்காலத்தில் சில நாட்கள்தான். 13 கி.மீ. தள்ளி இருக்கும் சோலாங் பள்ளத்தாக்கு இன்னும் உயரம் என்பதால் அங்கே பனி விழுந்தால் தங்கும். மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த அலைகள்தான் இங்கே பனியைக் கொண்டுவருகின்றன. அவை வராவிட்டால் மலை காய்ந்துதான் கிடக்கும். 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை பெரிய பனிப்பொழிவே இல்லை.

ஜனவரி நான்காவது வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரைதான் ஓரளவு நம்பிப் போகக்கூடிய காலம். டிசம்பர் கடைசி வாரத்தில் பனி இருக்கிறதோ இல்லையோ, கூட்டம் நிச்சயம். 2024 கிறிஸ்துமஸ் வாரத்தில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே சுமார் ஆயிரம் வாகனங்கள் பனியில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டன.

பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மகர சங்கராந்தியிலிருந்து 42 நாட்கள், மணாலிப் பக்கத்தில் கோஷால் உள்ளிட்ட ஒன்பது ஊர்களில் மௌனம் காக்கிறார்கள். தெய்வங்கள் வானுலகம் போயிருக்கும் காலம் என்பது அவர்கள் நம்பிக்கை. டிவி, சத்தமான பாட்டு கிடையாது, வயல் வேலையும் கிடையாது. சோலாங், பல்சான் பக்கத்து ஊர்களும் இதில் சேர்த்தி. பயணிகளைத் தடுப்பதில்லை. ஆனால் ஊருக்கு நடுவே ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் நன்றாக இருக்காது.

2. போக்குவரத்து: ஒரு நாள் உபரியாக

டெல்லியிலிருந்து சுமார் 530 கி.மீ., பஸ்ஸில் 12 முதல் 14 மணி நேரம். சண்டிகர் வரை விமானத்தில் போய் அங்கிருந்து சாலையில் போனால் தூரம் கிட்டத்தட்ட 300 கி.மீ.ஆகக் குறையும். குழந்தைகளோ பெரியவர்களோ இருந்தால் சண்டிகர் வழியே என் தேர்வு, அதுவும் பகலில். பூந்தர் விமான நிலையம் மணாலிக்கு 50 கி.மீ. பக்கத்தில்தான். ஆனால் அது குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. மேகம் இறங்கினால் விமானம் ரத்து. குளிர்காலத்தில் அதை மட்டும் நம்பித் திட்டம் போடக்கூடாது.

திரும்பும் பஸ் காலை டெல்லி சேரும் அதே நாளில் சென்னை விமானம் பதிவு செய்வதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. சாலை ஆறு மணி நேரம் அடைபட்டாலே டிக்கெட் போச்சு. பஸ் சேரும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள்.

இன்னொன்று. டெல்லியிலோ சண்டிகரிலோ எடுத்த வாடகைக் கார் மணாலி ஊர் வரைதான். பனி விழுந்த பிறகு சோலாங் பாதையில் டயரில் சங்கிலி மாட்டிய, நான்கு சக்கரமும் இன்ஜின் விசையில் ஓடும் ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மட்டும் போலீஸ் விடும். சமவெளி டிரைவருக்குப் பனிச்சாலையில் பிரேக் எப்படி பிடிப்பது என்று தெரியாமல் இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் இதுவல்ல. மேலே போகும் நாட்களுக்கு உள்ளூர் ஜீப்பைத் தனியாக அமர்த்திக்கொள்ளுங்கள்.

3. உடுப்பு: ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டியவை

பனிக்கு ஒரு பெரிய ஜெர்கின் போதும் என்று நினைத்துத்தான் பலரும் வருகிறார்கள். உண்மையில் குளிரவைப்பது ஈரம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். வேர்வையும் ஈரம்தான். அதனால் தோலோடு ஒட்டும் துணி பருத்தியாக இருக்கக்கூடாது. நம் பனியன் வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஏறும்போது சுகமாக இருக்கும், நின்றால் நடுங்கும்.

மூன்று அடுக்கு போதும். உள்ளே தெர்மல், மேலாடையும் காலாடையுமாக, பாலியஸ்டரிலோ கம்பளியிலோ. நடுவில் ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை அல்லது கம்பளி ஸ்வெட்டர். வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். ஏறுவதற்கு முன்னால் நடு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள். நின்றதும் போடுங்கள். வேர்த்த பிறகு கழற்றினால் பயனில்லை. இது ஒரு நாள் பழகினால் வந்துவிடும்.

ஜீன்ஸை பஸ்ஸுக்கும் கடைத்தெருவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த ஜீன்ஸ் மைனஸ் குளிரில் விறைத்துக்கொள்ளும்.

கையுறை இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று மெல்லிய கம்பளி, அதன்மேல் தண்ணீர் புகாத தடித்த ஒன்று. கம்பளிக் கையுறையோடு பனி உருண்டை பிடித்தால் ஐந்தே நிமிடத்தில் விரல் எரியத் தொடங்கும். குழந்தைகளின் கையுறைகளை ஒரு நாடாவில் கோத்து சட்டைக் கைக்குள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் முதல் மணி நேரத்திலேயே ஒன்று காணாமல் போகும்.

சாக்ஸ் விஷயத்தில் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில். இரண்டு மூன்று ஜோடியைத் திணித்துப் போட்டால் ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒரே ஜோடி போதும், பையில் காய்ந்த மாற்று ஜோடி ஒன்று.

குரங்குக்குல்லாவைக் கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். காது, கழுத்து, தாடை மூன்றையும் ஒரே துணியில் மூடுவதற்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை.

கூலிங்கிளாஸ் அலங்காரத்துக்கு அல்ல. புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஒரு பகல் முழுக்க வெறும் கண்ணோடு நின்றால் இரவு கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். சன்ஸ்கிரீனை முகத்துக்கு மட்டுமல்லாமல் தாடைக்கு அடியிலும் மூக்குத் துளையின் ஓரத்திலும் தடவுங்கள். வெயில் கீழேயிருந்தும் வருகிறது. உதட்டுக்கு வாசலைன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேயே உறைகிற பொருள். மணாலி அறையில் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினாலும் வராது.

*வாடகைக்கு எடுப்பவை.* சோலாங் போகும் வழியில் சாலையோரம் வரிசையாகக் கடைகள் இருக்கும். தலை முதல் கணுக்கால் வரை மூடும் பனிக்கோட்டும் கம்பூட்டும் அங்கே சில நூறு ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும். முதல் தடவை போகிறவருக்கு அதை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எடுக்கும் முன் கம்பூட்டுக்குள் கையை விரல் நுனி வரை விட்டுப் பாருங்கள். முந்தின நாள் யாரோ நனைத்த ஈரம் நுனியில்தான் தேங்கி நிற்கும். ஜிப் கழுத்து வரை ஏறுகிறதா என்றும் பாருங்கள். வாடகையையும் திருப்பித் தரும் நேரத்தையும் முதலிலேயே பேசி, கடையின் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் எல்லாக் கடையும் ஒரே மாதிரி தெரியும்.

4. அறை: ஹீட்டரைக் கேட்டு, அடுப்பை மறுத்து

பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி: ஹீட்டர் அறை வாடகையில் சேர்த்தியா, வெந்நீர் எந்த நேரத்தில், கரன்ட் போனால் ஜெனரேட்டர் ஹீட்டருக்கும் ஓடுமா. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. பனி கொட்டினால் முதலில் போவது கரன்ட்.

அப்படிப் போன இரவில் சில இடங்களில் அங்கீட்டி என்னும் கரி அடுப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கக்கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்தில் இறந்துபோகிறவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இருக்கிறார்கள். கேஸ் ஹீட்டருக்கும் இதே விதிதான். வேறு வழியில்லையென்றால் படுப்பதற்கு முன் அடுப்பை அறைக்கு வெளியே வைத்துவிட்டு, ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை இன்னொன்று கேட்டு வாங்குங்கள். புகைபோக்கி வைத்த இரும்பு விறகடுப்பை அங்கே தந்தூர் என்பார்கள். கூடத்தில் அது இருக்கும் வீடு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஈர சாக்ஸ் காய வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னால் அப்படியே விடுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் குழாய் அவ்வளவு சீக்கிரம் உறையாது.

5. முதல் நாள்: ஊரைவிட்டு மேலே போகாதீர்கள்

இரவு பஸ்ஸில் வந்த உடம்பு தூக்கம் இல்லாமல், தண்ணீர் போதாமல் இருக்கும். அப்படிப்பட்ட உடம்புக்குக் குளிர் இரட்டிப்பாகத் தெரியும். மதியம் வரை தூங்குங்கள்.

அப்புறம் துங்ரி தேவதாருக் காட்டுக்குள் இருக்கும் ஹிடிம்பா கோயில். பீமனை மணந்த நம் மகாபாரத இடும்பிதான் இங்கே தேவி. 1553-ல் கட்டிய மரக்கோயில். மரநிழலில் உறைந்து கிடக்கும் பாதையில் மெல்ல நடப்பது மறுநாளுக்கு நல்ல ஒத்திகை. செருப்பைக் கழற்றினால் தரை சுரீரென்று ஏறும். கோயிலுக்கென்று ஒரு பழைய சாக்ஸ் பையில் இருக்கட்டும்.

மாலையில் வசிஷ்ட் கிராமம். கோயிலை ஒட்டி கந்தக வெந்நீர் ஊற்று, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மறைப்புக் குளம். ஐந்து பத்து நிமிடம் இருந்தாலே போதும். தலையை நனைக்க வேண்டாம். துடைத்து, காய்ந்த உடுப்பு போட்டு, குல்லா மாட்டிய பிறகுதான் வெளியே வர வேண்டும். வெந்நீரில் இறங்கும் சுகத்தில் மாற்றுத் துண்டை மறந்து, ஈர உடம்போடு மைனஸ் காற்றில் ஆட்டோ தேடுகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம்.

இரவுக்கு ஸிட்டு சாப்பிட்டுப் பாருங்கள். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, வால்நட்டோ கசகசாவோ உள்ளே வைத்து ஆவியில் வேகவைத்தது. நெய் ஊற்றித் தருவார்கள். இட்லி கேட்கும் வயிறு அதைச் சண்டை போடாமல் ஏற்றுக்கொள்ளும்.

6. இரண்டாம் நாள்: முதலில் நடை

காலை எட்டு மணிக்குள் சோலாங்குக்குக் கிளம்புங்கள். பத்தரைக்கு மேல் சாலை அடைத்துக்கொள்ளும். சோலாங்கில் இறங்கியதும் ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள், ஸ்கூட்டர், ஸ்கீ, யாக் போட்டோ என்று. எதற்கும் தலையாட்டாமல் முதல் அரை மணி நேரம் வெறுமனே நடங்கள்.

பாசி படிந்த குளத்துப் படியில் இறங்குவது போல நடக்க வேண்டும். சின்ன அடி, முழங்கால் லேசாக மடங்கி, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி. குதிகாலை முதலில் வைத்தால் வழுக்கும். இறங்கும்போது மட்டும், அதுவும் மெத்தென்ற பனியில், குதிகாலைக் குத்தி இறங்கலாம். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள், சமநிலை போய்விடும்.

பனியில் மூன்று ரகம் உண்டு. புதிதாக விழுந்தது மெத்தென்று கால் புதையும், விழுந்தாலும் அடி படாது. மிதிபட்டு இறுகியது வெள்ளையாக, பளபளப்பில்லாமல் இருக்கும், அதில் நடக்கலாம். மூன்றாவது கறுப்பாகவோ கண்ணாடி போலவோ மினுங்கும் பனிக்கட்டி. தார்ச்சாலையின் நிழல் பக்கத்திலும் குழாயடியிலும் கிடக்கும். எலும்பு முறிகிற இடம் பனிமேடு அல்ல, பெரும்பாலும் ஓட்டல் வாசல்தான். ஷூவுக்கு அடியில் மாட்டும் ரப்பர் முள்பட்டை மணாலிக் கடைத்தெருவில் கிடைக்கும். பெரியவர்கள் கூட வந்தால் அதுதான் முதல் செலவு.

விழுவதையும் பழகுங்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் சாய்ந்து புட்டத்தில் உட்காருங்கள். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும்.

பனிமனிதன் செய்ய ஆசைப்படும் குழந்தைகள் காலையில் ஏமாந்து போவார்கள். குளிர்ந்த காய்ந்த பனி சர்க்கரை மாதிரி உதிரும், பிடித்தால் பிடி நிற்காது. பதினொன்றரைக்கு மேல் வெயில் பட்டு லேசாக ஈரம் ஏறியதும் அதே பனி உருண்டையாக நிற்கும். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். விரல் தடம் அப்படியே பதிந்தால் ஆரம்பிக்கலாம்.

7. சறுக்குப் பலகை

நடை வந்துவிட்டால் ஸ்லெட்ஜ். இதை ஸ்கீக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம், சரிவில் வேகம் எப்படிக் கூடுகிறது என்பதை உட்கார்ந்தபடியே உடம்பு புரிந்துகொள்ளும்.

ஏறுவதற்கு முன் சரிவின் அடியைப் பாருங்கள். கீழே இருபது முப்பது மீட்டராவது சமதளமாக, ஆளும் கல்லும் கம்பமும் இல்லாமல் இருக்க வேண்டும். சாலையில் போய் முடியும் சரிவு வேண்டவே வேண்டாம். காலை முன்னால் வைத்து உட்காருங்கள், குப்புறப் படுத்துப் போகக்கூடாது. இரண்டு குதிகாலையும் பனியில் அழுத்தினால் அதுதான் பிரேக். ஒரு காலை மட்டும் அழுத்தினால் அந்தப் பக்கம் திரும்பும். குழந்தையை மடியில் வைக்கும்போது அதன் கால் வெளியே நீட்டாமல் உங்கள் காலுக்கு மேலே இருக்கட்டும். நடுவில் சிக்கித் திருகிக்கொள்வது அதன் கால்தான்.

ரப்பர் டியூபில் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஓரம் கட்டிய தடம் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

8. மூன்றாம் நாள்: ஸ்கீ

இதற்கு ஒரு அரை நாளை முழுசாக ஒதுக்குங்கள். சோலாங்கில் விற்கப்படும் பத்து நிமிட ஸ்கீயில் எதுவும் கற்க முடியாது. கற்றுக்கொடுப்பவரிடம் மூன்று மணி நேரத்துக்கு என்று பேசுங்கள். என்ன தொகை, எத்தனை பேருக்கு ஒருவர், பூட்ஸும் ஹெல்மெட்டும் சேர்த்தியா என்பதை மாட்டுவதற்கு முன் பேசி முடியுங்கள். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை நல்ல நேரம். அதற்கு முன் சரிவு கெட்டியாக இருக்கும். பிற்பகலில் குழைந்து, வெயில் மலைக்குப் பின்னால் போனதும் திரும்பவும் இறுகும்.

*பூட்ஸ்.* பாதிப் பிரச்சினை இங்கேதான். சாக்ஸ் ஒன்று மட்டும், தெர்மல் காலாடையைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே மடிந்த துணி ஒரு மணி நேரத்தில் கணைக்காலைப் புண்ணாக்கும். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்பக்கம் லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கினால் அது பின்வாங்க வேண்டும். குதிகால் தூக்கினால் பூட்ஸ் பெரிது. சங்கடப்படாமல் மாற்றிக் கேளுங்கள்.

*மாட்டுவது.* சமதளத்தில் மாட்டுங்கள். கொஞ்சம் சரிவாக இருந்தால் இரண்டு ஸ்கீயையும் அதற்குக் குறுக்காக வையுங்கள். பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைக் கம்பால் தட்டிவிடுங்கள். அது இருந்தால் ஸ்கீயின் மேல் இருக்கும் பிடிப்பான் பூட்ஸைச் சரியாகக் கவ்வாது, பாதி வழியில் கழன்றுகொள்ளும். முதலில் நுனி, பிறகு குதிகாலை அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வராமல் கிளம்பாதீர்கள்.

*ஒற்றை ஸ்கீ நடை.* ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி, மறுகாலால் தள்ளி, சமதளத்தில் வட்டம் போடுங்கள். இரண்டு காலுக்கும் மாறி மாறி. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நீளமான பலகை உங்கள் காலின் ஒரு பகுதியாவது இப்போதுதான். இதைத் தாண்டிப் போகிறவர்கள் பிறகு இரண்டு நுனியையும் குறுக்கே போட்டு விழுகிறார்கள்.

*பக்கவாட்டு ஏற்றம்.* சரிவுக்குக் குறுக்காக நின்று, மேட்டுப் பக்க ஓரத்தை பனியில் கவ்வ வைத்து, படி ஏறுவது மாதிரி ஒவ்வொரு காலாக. ஸ்கீயின் ஓரம்தான் உங்களைப் பிடிக்கிறது என்பது இங்கே புரியும்.

*நேர் இறக்கம்.* ஐந்தாறு மீட்டர் உயரம் போதும், கீழே சமதளம், தானாகவே நிற்க வேண்டும். கை முன்னால், கணைக்கால் பூட்ஸின் முன்பக்க நாக்கை அழுத்தியபடி. எல்லோரும் செய்யும் தவறு, பயத்தில் பின்னால் சாய்வது. பின்னால் சாய்ந்தால் எடை ஸ்கீயின் வாலுக்குப் போகும், நுனி தன்னிஷ்டத்துக்குப் பாயும், வேகம் கூடும். பயமாக இருக்கும்போதுதான் முன்னால் சாய வேண்டும். உடம்பு ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும்.

*நிறுத்துவது.* நுனிகள் நெருங்கி, வால்கள் விலகி நிற்க வேண்டும். நுனிகளுக்கு நடுவே ஒரு கையகல இடைவெளி. குதிகால்களை வெளிப்பக்கம் தள்ளத் தள்ள வேகம் குறையும். முழங்கால்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்காதீர்கள், தள்ள வேண்டியது குதிகாலை. சொன்ன இடத்தில் தொடர்ந்து நிற்க வந்த பிறகுதான் அடுத்தது.

*திரும்புவது.* அதே நிலையில் வலது காலில் எடை போட்டால் இடப்பக்கம் திரும்பும், இடது காலில் போட்டால் வலப்பக்கம். முதலில் குழப்பும். தோளைத் திருகினால் திரும்பாது. போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். ஸ்கீ நுனியைப் பார்த்துக்கொண்டு போகிறவர் நேராகப் போய் விழுவார்.

*எழுவது.* விழுந்தால் முதலில் இரண்டு ஸ்கீயையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்காக வையுங்கள். பிறகு மேட்டுப் பக்கம் கையை ஊன்றி எழுங்கள். ஸ்கீ சரிவை நோக்கி இருந்தால் எழும்போதே வண்டி கிளம்பிவிடும்.

மூன்று மணி நேரத்தில் நிறுத்தவும் ஓரளவு திரும்பவும் வந்துவிட்டால் அது நல்ல நாள். கால் நடுங்க ஆரம்பித்ததும் "கடைசியாக ஒரு தடவை" என்று ஏறாதீர்கள். காயங்கள் அந்தக் கடைசித் தடவைக்காகக் காத்திருக்கின்றன. இதில் நிஜமாகவே பற்று வந்தவர்களுக்கு, மணாலியில் இருக்கும் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம் சோலாங்கில் அடிப்படை ஸ்கீ பயிற்சி நடத்துகிறது. மருத்துவச் சான்றிதழ் வேண்டும், பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

9. மற்றவை, சுருக்கமாக

பனி ஸ்கூட்டர்: ஒரு சுற்று, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து. கொடுத்த பணத்துக்கு எத்தனை நிமிடம், எங்கிருந்து எங்கே என்று முன்பே கேளுங்கள். பாராகிளைடிங்: பைலட்டின் சுற்றுலாத் துறை உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த ஆள். காற்று அதிகமாக இருக்கும் நாளில் உரிமம் இருந்தாலும் வேண்டாம். ரோப்வே: நடக்க முடியாத பெரியவர்களுக்கு மேலேயிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்க இதுதான் வழி.

கூட்டம் பிடிக்காதவர்கள் மணாலிக்குப் பக்கத்து ஊரான பிரிணியிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சேத்தான் கிராமத்துக்குப் போகலாம். சுமார் 2,700 மீட்டர். நல்ல பனி இருக்கும் ஆண்டுகளில் அங்கே பனிவீடு கட்டித் தங்கவைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பகலில் பனிவீட்டைப் பார்த்துவிட்டு, இரவு கூரை உள்ள வீட்டில் படுப்பது நல்லது.

10. நான்காம் நாள்: இப்போது உயரம்

9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கம் 2020 அக்டோபர் 3-ல் திறந்தது. அதன் வாய் 3,000 மீட்டருக்கு மேல். அந்தப் பக்கம் லாஹோல் பள்ளத்தாக்கு, அங்கேதான் சிஸ்ஸு. ரோஹ்தாங் கணவாய் குளிர்காலத்தில் மூடியிருக்கும், "ரோஹ்தாங் காட்டுகிறேன்" என்று ஜனவரியில் சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள்.

மூன்று இரவு 2,000 மீட்டரில் தூங்கிய உடம்புக்கு 3,100 மீட்டரில் அரை நாள் பெரிய விஷயமல்ல. முதல் நாளே போகிறவருக்குத்தான் தலைவலியும் குமட்டலும். தலைவலி கூடிக்கொண்டே போனால் மருந்து தேடாமல் வண்டியைத் திருப்புங்கள், இறங்குவதுதான் மருந்து. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்பும் முன்பே தங்கள் டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும்.

போவதா வேண்டாமா என்பதை அன்று காலையில் முடிவு செய்யுங்கள். லாஹோல்-ஸ்பிதி போலீஸ் சாலை நிலவரத்தைச் சமூக வலைதளங்களில் போடுகிறது. பனிச்சரிவு எச்சரிக்கையை, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் டி.ஜி.ஆர்.ஈ. நிறுவனம் வெளியிடுகிறது. பெரும் பனிப்பொழிவுக்குப் பிந்தைய ஒன்றிரண்டு நாள்தான் சரிவுக்கு அபாயமான நேரம். பார்ப்பதற்கு அழகான நேரமும் அதுதான், எல்லோரும் கிளம்புவதும் அப்போதுதான். சோலாங்கிலிருந்து சுரங்கம் வரையிலான பாதைக்கு மேலே செங்குத்தான சரிவுகள் உண்டு. வண்டி நின்றால் இறங்கி அந்தச் சரிவுகளுக்கு அடியில் விளையாடாதீர்கள். சுரங்கத்துக்குள் நிறுத்திப் போட்டோ எடுத்தால் அபராதம்.

ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முடியும் வரை, ஹால்டா, பூனா பண்டிகைகளுக்காக சிஸ்ஸு பக்கத்து ஊர்கள் சில ஆண்டுகளில் சுற்றுலாவையே நிறுத்திவைக்கின்றன. டிரைவரிடம் இதை முன்பே கேளுங்கள். அந்த நாளில் நீங்கள் போனால் திரும்பி வர வேண்டியதுதான். அப்படியானால் மூன்றாம் நாள் ஸ்கீயை இன்னொரு காலைப்பொழுதுக்கும் நீட்டுங்கள்.

ஜீப்பில் இருக்க வேண்டியவை: தண்ணீர், பிளாஸ்கில் டீ, கடலை மிட்டாய், ஒரு போர்வை, காய்ந்த சாக்ஸ், டார்ச். மூன்று மணிக்குள் மணாலி நோக்கித் திரும்பிவிடுங்கள். வெயில் போனதும் உருகிய தண்ணீர் சாலையில் கண்ணாடியாக உறையும். குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கும், உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள்.

11. குளிர் ஏறிவிட்டால்

விரல் நுனி வெளுத்து மரத்தால் அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். பனியால் தேய்க்கக்கூடாது. ஹீட்டர் முன்னால் நீட்டவும் கூடாது, மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். நடுக்கம் என்பது உடம்பு போராடுகிறது என்பதற்கு அடையாளம். காய்ந்த உடுப்பு, சூடான இனிப்புத் தேநீர், போர்வை. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூக்கம் வருகிறது என்றால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம். மணாலி ஊருக்குள்ளேயே லேடி வில்லிங்டன் மருத்துவமனை இருக்கிறது. அவசர எண் 112. "குளிருக்கு ஒரு பெக்" போட்டால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடு மாதிரித் தெரியும், உள்சூடு வெளியே போய்விடும். அறைக்குத் திரும்பி, வெளியே போகும் வேலை இல்லாத பிறகு உங்கள் விருப்பம்.

12. கிளம்பும் நாள்

காலையில் வெளியே போய்வந்த கேமராவை அப்படியே சூடான அறைக்குள் திறக்காதீர்கள். பையோடு ஒரு மணி நேரம் இருக்கட்டும், இல்லையென்றால் லென்ஸுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். ஈரத் துணிகளைத் தனி பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். கையுறை, மாற்று சாக்ஸ், குல்லா மூன்றையும் பெரிய பெட்டிக்குள் போடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பஸ்ஸின் அடியில் போய்விடும். நடுராத்திரி சாலை அடைத்து, டிரைவர் இன்ஜினை அணைத்து, ஹீட்டரும் நிற்கும்போது தேவைப்படுவது அவைதான்.